கோழிக்கு மூன்று, நர்ஸுக்கு ஒன்று

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கோழிகளைப் பற்றிப் பட்டப்படிப்பு படிக்கும் வெளிநாட்டு மாணவர், படித்து முடித்த பிறகு மூன்று ஆண்டு அங்கேயே வேலை பார்க்கலாம். சலைன் ஏற்றவும், நின்றுபோன நெஞ்சை அழுத்தி மறுபடி துடிக்கவைக்கவும் படித்தவருக்கு ஓராண்டு. யாரோ கிண்டலுக்குக் கட்டிவிட்ட கதையல்ல இது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பட்டியல் போட்டு வெளியிட்டிருக்கிறது.

எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்கள் படிப்பு முடிந்ததும் தற்காலிகமாக வேலை செய்ய ஓ.பி.டி. என்றொரு அனுமதி உண்டு. எல்லோருக்கும் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்று துறை முத்திரை குத்திய படிப்புகளுக்கு மட்டும் மேலே 24 மாதம். அந்த முத்திரைப் பட்டியலில் கோழி அறிவியல் இருக்கிறது. பால்பண்ணை அறிவியல் இருக்கிறது. 2022 ஜனவரியில் தாராள மனசோடு இன்னும் 22 துறைகளைச் சேர்த்தார்கள். மனிதருக்கும் விலங்குக்கும் உள்ள உறவை ஆராயும் படிப்பு அதில் ஒன்று. மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவு, அதாவது காய்ச்சல் பார்ப்பது, புண் துடைப்பது, மலம் அள்ளுவது, நடுராத்திரி மூச்சுத் திணறும் கிழவரை நிமிர்த்தி உட்காரவைப்பது, இதெல்லாம் அறிவியலும் ஆகவில்லை, தொழில்நுட்பமும் ஆகவில்லை.

கோழிகளுக்கு என் வாழ்த்துகள். அவற்றின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நேபாளத்தின் பொக்காராவிலிருந்து ஒரு பெண் டெக்ஸாஸுக்கு நர்ஸிங் படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கென்யாவின் எல்டோரெட் என்றும் வைத்துக்கொள்ளலாம், சியோல் என்றும் வைத்துக்கொள்ளலாம், கதை ஒன்றுதான். தகப்பனார் நிலத்தை அடகு வைக்கிறார். பல்கலைக்கழகம் அனுப்பிய வழவழப்பான கையேட்டில் நீலச் சீருடை போட்ட பல நாட்டுப் பெண்கள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். நாட்டில் நர்ஸ்களுக்கு எவ்வளவு கிராக்கி என்று கொட்டை எழுத்தில் ஒரு பக்கம். அந்தக் கையேட்டைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு அவள் தூதரகத்துக்குப் போகிறாள். அங்கே கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் அதிகாரிக்கு முன்னால், படித்து முடித்ததும் ஊர் திரும்பிவிடுவேன் என்று நிரூபிக்க வேண்டும். மாணவர் விசாவுக்குச் சட்டம் கேட்பது அதைத்தான். திரும்பிப் போவேன் என்று அவள் சொல்வதை நம்பி அரசாங்கம் விசா தருகிறது. திரும்பிப் போக மாட்டாள் என்பதை நம்பிப் பல்கலைக்கழகம் கட்டணம் வாங்குகிறது. இரண்டு பேரும் அவளுக்கு ரசீது கொடுத்துவிடுகிறார்கள்.

நான்கு வருடம் படித்தாகிவிட்டது. மே மாதம் பட்டம். இப்போது ஆரம்பிக்கிறது வேடிக்கை.

வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையம் வழி கட்டணம் 410 டாலராக இருந்ததை 2024 ஏப்ரலில் 470 ஆக்கினார்கள். சீக்கிரம் வேண்டுமென்றால் அதற்குமேல் 1,500 டாலருக்கும் அதிகம் கட்டி விரைவு வரிசையில் நிற்கலாம். திருப்பதியில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்குகிற மாதிரி, என்ன, அங்கே லட்டாவது தருவார்கள். அட்டையில் அனுமதி எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று அவளே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அதிகபட்சம் படிப்பு முடிந்த 60 நாளுக்குள். அந்தத் தேதி பிறந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். 12 மாதத்தில் மொத்தமாக 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம், சனி, ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் உட்பட. அதைத் தாண்டினால் அந்தஸ்து போச்சு.

ஆனால் லைசென்ஸ் இல்லாமல் நர்ஸ் வேலை செய்ய முடியாதே? முடியாது. லைசென்ஸுக்கு என்கிளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் 200 டாலர், 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். அதை எழுதுவதற்கு மாநில நர்ஸிங் வாரியம் தகுதி தர வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் பட்டத்தை உறுதிசெய்து காகிதம் அனுப்ப வேண்டும். கைரேகை போக வேண்டும். சில மாநில வாரியங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும். அந்த எண்ணை வாங்க வேலை அனுமதி வேண்டும். ஆக, லைசென்ஸுக்காக வேலை அனுமதியைத் தொடங்க வேண்டும். தொடங்கினால் வேலையில்லாத நாள்கள் எண்ணப்படும். எண்ணிக்கையை நிறுத்த வேலை வேண்டும். வேலைக்கு லைசென்ஸ் வேண்டும். கழுதை செக்கைச் சுற்றினாலும் கடைசியில் எண்ணெய் வரும். இங்கே அதுவும் இல்லை.

கருணையே இல்லையா என்று கேட்கக்கூடாது. இருக்கிறது. படிப்புக்குச் சம்பந்தமான இடத்தில் வாரம் 20 மணி நேரம் சம்பளமே வாங்காமல் உழைத்தால் அதையும் 'வேலை' என்று கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். 90 நாள் கடிகாரம் நின்றுவிடும். கடன் வட்டி நிற்காது, அது வேறு துறை.

புதிதாகப் படித்து வந்த நர்ஸை நேராக வார்டில் விட எந்தப் பெரிய மருத்துவமனையும் தயாராக இல்லை, அது நியாயமும்கூட. அதனால் ரெசிடென்சி என்று ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் அது 12 மாதம். வருடத்தில் சில குறிப்பிட்ட மாதங்களில்தான் ஆள் எடுப்பார்கள். அவளுடைய 12 மாதத்தில் தேர்வுக்கும் லைசென்ஸுக்கும் இரண்டோ மூன்றோ போன பிறகு மிச்சமிருப்பது ஒன்பது அல்லது பத்து. பயிற்சியே முடியாத ஒருத்திக்குப் பயிற்சி கொடுக்க எந்த மேலாளருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது?

ஆனாலும் அவள் விண்ணப்பிக்கிறாள். இரவு பதினொரு மணிக்கு, மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் அறையில், மடிக்கணினி வெளிச்சத்தில். பெயர், முகவரி, பட்டம், மதிப்பெண், எந்த மருத்துவமனையில் எத்தனை மணி நேரம் கிளினிக்கல் போனாய், எல்லாம் நிரப்பியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் இரண்டு கேள்விகள். முதல் கேள்வி: அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா? ஆம். மனசுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். இரண்டாவது கேள்வி: இப்போதோ எதிர்காலத்திலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர் தேவைப்படுமா? ஆம் என்ற வட்டத்தில் சுட்டியை வைத்து அழுத்துகிறாள். இரவு 11.20-க்கு அனுப்புகிறாள். 11.24-க்குப் பதில் வந்துவிடுகிறது. மற்ற விண்ணப்பதாரர்களின் தகுதிகளைக் கவனமாகப் பரிசீலித்தார்களாம். நான்கு நிமிடத்தில். நடுராத்திரியில். அவசர சிகிச்சைப் பிரிவில் காட்டாத வேகம்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மறுநாள் எச்.ஆருக்குப் போன் போட்டால் உரையாடல் இப்படித்தான் போகும்:

"மேடம், என்னிடம் வேலை அனுமதி அட்டை இருக்கிறது. லைசென்ஸும் வந்துவிட்டது. நாளைக்கே சேரலாம்."

"மகிழ்ச்சி. ஆனால் நாங்கள் யாருக்கும் ஸ்பான்சர் செய்வதில்லை."

"நான் இப்போது ஸ்பான்சர் கேட்கவில்லையே?"

"எதிர்காலத்தில் கேட்பீர்கள்."

"எதிர்காலத்தில் உங்களுக்கு நர்ஸ் வேண்டாமா?"

இந்த இடத்தில் எச்.ஆர். அம்மையார் நல்ல நாளாக அமைய வாழ்த்திவிட்டு வைத்துவிடுவார். சட்டம் அவர் பக்கம். குடியுரிமையைக் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்று பாதுகாக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது; ஸ்பான்சர் கேட்பார் என்பதற்காக எஃப்-1 மாணவரை வேண்டாம் என்பது அதில் குற்றமாக வராது. பொய் சொல்லி 'இல்லை' என்று அழுத்தியிருந்தால் மட்டும் அது மோசடி.

இதே மருத்துவமனைகளின் சங்கம் வாஷிங்டனுக்குப் போனால் வேறு குரலில் பேசும். ஐயோ நர்ஸ் இல்லை, படுக்கை காலியாகக் கிடக்கிறது, நாடு தாங்காது என்று செனட் குழுவின் முன் கண்ணீர். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது நம் ஊர்க் கலை என்று நினைத்திருந்தேன்; அதற்கு அவர்கள் லாபி என்று பெயர் வைத்து, ஆண்டு வரவுசெலவில் இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சரி, ஸ்பான்சர் செய்ய ஒரு மருத்துவமனை மனமிரங்கியே விட்டது என்று வைத்துக்கொண்டாலும், எச்-1பி வேலை விசா வாங்கப் போனால் அங்கே ஒரு புத்தகம் குறுக்கே கிடக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கீழ் வரும் புள்ளியியல் நிறுவனம் வெளியிடும் தொழில்வாய்ப்புக் கையேடு. ஒரு வேலை எச்-1பிக்கு உரிய 'சிறப்புத் தொழில்'தானா என்று பார்க்கக் குடியேற்ற அதிகாரிகள் புரட்டுவது இதைத்தான். நர்ஸ் ஆக மூன்று வழி உண்டு, இளங்கலைப் பட்டம், இரண்டாண்டு அசோசியேட் பட்டம், டிப்ளமோ என்று அது சொல்கிறது. உடனே தீர்ப்பு: பட்டம் கட்டாயமில்லாத வேலை, ஆகவே சிறப்புத் தொழில் இல்லை, மனு தள்ளுபடி. நர்ஸ் பிராக்டிஷனர், மயக்கமருந்து நர்ஸ் என்று மேலே படித்தவர்களுக்கும் சில நுட்பமான பிரிவுகளுக்கும் சந்து உண்டு. சாதாரண வார்டு நர்ஸுக்குக் கதவு சாத்தியாச்சு. அதே கையேட்டில், அதே அத்தியாயத்தில், கொஞ்சம் கீழே பார்த்தால் இன்னொரு வரி இருக்கிறது: நாட்டில் ஆண்டுதோறும் சராசரியாக ஏறத்தாழ 1,90,000 நர்ஸ் வேலைகள் காலியாகும். அதிகாரிகளுக்குப் பக்கத்தின் மேல்பாதி மட்டும் தெரியும் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள் போலும்.

அதுவும் போகட்டும். நான்கு வருடப் பட்டம் இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று பெரிய மருத்துவமனைகள் விளம்பரத்தில் போடுகின்றன. பட்டம் தேவையில்லாத வேலை இது என்று குடியேற்றத் துறை சொல்கிறது. தொழிலாளர் துறையிலோ வேறொரு சட்டப்பிரிவு இருக்கிறது: நர்ஸ் பற்றாக்குறை நிரந்தரம், கிரீன் கார்டு மனு போடும் முதலாளி உள்நாட்டில் ஆள் தேடினேன் என்று நிரூபிக்கவே வேண்டாம். பல பத்தாண்டுகளாக அதுதான் நிலை. 2025 கடைசியில் கல்வித் துறை மாணவர் கடன் வரம்புக்காக 'தொழில்முறைப் பட்டங்கள்' என்று ஒரு பட்டியல் முன்மொழிந்தது. மருத்துவம், சட்டம், இறையியல் எல்லாம் அதில் உண்டு, நர்ஸிங் இல்லை. ஆன்மாவைக் கவனிப்பது தொழில், உடம்பைக் கவனிப்பது பொழுதுபோக்கு. ஒரே அரசாங்கத்தின் துறைகள் இவை. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்களா?

நர்ஸுக்கென்று தனி விசா வைத்துப் பார்க்காமலும் இல்லை. 1989-இல் எச்-1ஏ என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 1995-இல் காலாவதியாக விட்டார்கள். 1999-இல் எச்-1சி என்று இன்னொன்று: பரந்த அமெரிக்கா முழுவதற்கும் ஆண்டுக்கு 500 விசா. அதையும் 2009-இல் சாகவிட்டார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது நியூயார்க்கில் தினமும் மாலை ஏழு மணிக்கு ஜன்னலில் நின்று கைதட்டினார்கள், பாத்திரம் தட்டினார்கள். (நாமும் தட்டினோம், அதைப் பற்றி நாம் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது.) அந்த வருடம் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் ஒன்று இறந்தவர்களைக் கணக்கெடுத்தது. நாட்டு நர்ஸ்களில் பிலிப்பினோக்கள் ஏறத்தாழ 4 சதவீதம். கொரோனாவில் இறந்த நர்ஸ்களில் அவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. சாவுக்கு ஸ்பான்சர் தேவைப்படவில்லை. பயன்படாமல் போன பழைய கிரீன் கார்டுகளிலிருந்து 25,000 நர்ஸ்களுக்கும் 15,000 டாக்டர்களுக்கும் கொடுக்கலாம் என்று அதே 2020-இல் ஒரு மசோதா வந்தது. இரண்டு கட்சியும் ஆதரவு. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு காங்கிரஸிலும் அதை மறுபடி அறிமுகம் செய்கிறார்கள். அறிமுகம்தான். கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

எல்லோருமா கதவைச் சாத்துகிறார்கள்? இல்லை. தேடித் தேடி எடுப்பவர்கள் உண்டு: ஆள்பிடி ஏஜென்சிகள், சில முதியோர் இல்லச் சங்கிலிகள். அவர்களிடம் அன்பு அதிகம், ஒப்பந்தத்தில் பக்கமும் அதிகம். இத்தனை ஆண்டு உழைக்க வேண்டும், நடுவில் போனால் இத்தனை ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். நியூயார்க்கில் பிலிப்பினோ நர்ஸ்கள் போட்ட வழக்கில் அந்தத் தொகை 25,000 டாலர். 2019-இல் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதற்கும் முன்னால் லாங் ஐலண்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் ரத்தம் கொதிக்கிறது. 2006-இல் பத்து பிலிப்பினோ நர்ஸ்கள், சொன்ன சம்பளமும் நிலைமையும் தரவில்லை என்று ராஜினாமா செய்தார்கள். தங்கள் ஷிஃப்டை முடித்துவிட்டுத்தான் போனார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் மேல் கிரிமினல் குற்றச்சாட்டு. நோயாளிகளை ஆபத்தில் விட்டார்களாம்! ஆலோசனை சொன்ன வக்கீல் மேலும் சேர்த்துப் போட்டார்கள். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அந்த வழக்கைத் தடுத்து நிறுத்தியது. எந்தச் சட்டத்தைக் காட்டி என்று நினைக்கிறீர்கள்? அரசியல் சாசனத்தின் 13-ஆவது திருத்தம். 1865-இல் அடிமை முறையை ஒழித்த திருத்தம். ஒரு நர்ஸ் வேலையை விட்டு நிற்க, 21-ஆம் நூற்றாண்டில், லிங்கன் காலத்துச் சட்டம் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது.

இதில் ஒன்று விளங்குகிறது. மருத்துவமனைக்கு நர்ஸ் கிடைக்காதது பிரச்சினையே இல்லை. கிடைத்த நர்ஸ் போய்விடக்கூடியவளாக இருப்பதுதான் பிரச்சினை. டெக்ஸாஸில் படித்தவளுக்கு அங்கத்திய சம்பளம் தெரியும், சட்டம் தெரியும், ஒரு ஆளுக்கு எத்தனை நோயாளி என்று கேட்கத் தெரியும். கலிபோர்னியாவில் சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கூடாதென்று சட்டமே இருக்கிறது என்று எடுத்தும் காட்டுவாள். வேண்டாம் இந்தத் தலைவலி.

அப்படியானால் அவள் என்ன செய்வாள்? ஒரு வழி இருக்கிறது, பல்கலைக்கழகமே பரிவோடு சொல்லும். ஓ.பி.டி. ஒவ்வொரு உயர்படிப்புக்கும் புதிதாக 12 மாதம் கிடைக்கும். இளங்கலை முடித்து ஒரு வருடம் ஆயிற்றா? முதுகலையில் சேர், இன்னொரு வருடம். அதற்குப் பிறகு முனைவர், இன்னொரு வருடம். ஆக, மூன்று வருடம் நோயாளிக்கு ஊசி போட மூன்று பட்டம். நடுவில் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு மாணவர் கட்டணம். அதற்குள் யாராவது கிரீன் கார்டு மனு போட்டால் வரிசை நகரும். நேபாளத்துக்காரிக்குச் சில வருடம். அவள் நாகர்கோவிலில் பிறந்திருந்தால் அதைக் கேட்கவே வேண்டாம்; படித்தது டெக்ஸாஸானாலும் வரிசை பிறந்த நாட்டுக் கணக்கில்தான், எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை, இந்தியர் வரிசை பத்து வருடத்துக்கும் மேல். ஓய்வு பெறும்போது கார்டு வரும், பென்ஷனோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

புத்திசாலிப் பெண் என்றால் வடக்கே பார்ப்பாள். 2015-லிருந்து கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் அதே என்கிளெக்ஸ் தேர்வைத்தான் வைத்திருக்கின்றன. அவள் ஏற்கெனவே தேறியது. 2023 முதல் மருத்துவப் பணியாளர்களுக்கென்று நிரந்தரக் குடியிருப்பில் தனியாகவே ஆள் எடுக்கிறார்கள். போகிறாள். நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கிறது, மூன்று ஆண்டு வாழ்ந்து குடியுரிமையும் வாங்குகிறாள். ஒன்டாரியோவின் வின்ட்சரில் வீடு. ஆற்றுக்கு அந்தக் கரையில் டெட்ராய்ட். வின்ட்சரிலிருந்து எத்தனையோ நர்ஸ்கள் நீருக்கடியில் போகும் சுரங்கச் சாலை வழியாகத் தினமும் டெட்ராய்ட் மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தில் கனடியக் குடிமக்களுக்கு டி.என். என்று ஒரு அனுமதி உண்டு; நர்ஸ் வேலை அந்தப் பட்டியலில் இருக்கிறது, லைசென்ஸ் இருந்தால் போதும், பட்டம் கட்டாயமா இல்லையா என்ற தர்க்கமே கிடையாது. எச்-1பி மாதிரி குலுக்கல் இல்லை, உச்சவரம்பு இல்லை. எல்லையிலேயே காகிதத்தை நீட்டி, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மூன்று ஆண்டுக்கு. முடிந்தால் இன்னொரு மூன்று.

ஆக, டெக்ஸாஸ் காசு வாங்கிக்கொண்டு படிக்கவைத்து, லைசென்ஸ் கொடுத்து, எச்.ஆர். நான்கு நிமிடத்தில் விரட்டி, கனடா குடிமகள் ஆக்கி, சுரங்கத்துக்குள் திருப்பி அனுப்பிய அதே பெண் டெட்ராய்ட் முனையில் காரை நிறுத்துகிறாள். அதிகாரி காகிதங்களைப் புரட்டுகிறார். லைசென்ஸ், சரி. வேலைக் கடிதம், சரி. ஒரே ஒரு காகிதம் பாக்கி. வெளிநாட்டு நர்ஸ்களின் படிப்பு அமெரிக்கப் படிப்புக்குச் சமமானதுதானா என்று சான்றளிக்கும் விசாஸ்கிரீன். 1996-இல் வந்த சட்டம். அமெரிக்காவிலேயே படித்த வெளிநாட்டவருக்கும் விலக்கு இல்லை.

"டெக்ஸாஸ் படிப்பு டெக்ஸாஸ் படிப்புக்குச் சமம்தான் என்று எழுதி வாங்கி வந்திருக்கிறாயா?"

வாங்கி வந்திருக்கிறாள். அதற்கும் தனியாகக் கட்டணம் கட்டித்தான்.